கணக்கும் ஜோசியமும்

கொரோனா வந்து போன பிறகு, படித்தவர்கள் கூடுகிற இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி சிரஞ்சீவியாக உலவிக் கொண்டிருக்கிறது. "அந்தக் கணக்குப் புலிகள் சொன்னதில் எது ஐயா பலித்தது?" என்பதுதான் அது. கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர். பாங்கியிலோ சர்க்கார் ஆபீஸிலோ பொறுப்பான உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தம் பெண்ணின் ஜாதகத்தை மூன்று ஜோசியர்களிடம் காட்டி, மூவரும் மூன்று விதமாகச் சொன்ன பிறகு, கொஞ்சமும் மனம் தளராமல் நாலாவது ஜோசியரைத் தேடிப் போனவர். ஜோசியரிடம் காட்டுகிற அந்தப் பெருந்தன்மை, கணக்குப் போட்டவரிடம் மட்டும் அவருக்கு வருவதில்லை. "கிளி சீட்டு எடுத்திருந்தால்கூட இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கும்" என்கிறார். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கொள்ளை நோய் வரும்போது நாம் எதை நம்புவது, யாரைக் கேள்வி கேட்பது என்பது இந்தச் சிரிப்பில் அடங்கியிருக்கிறது. ஆகையால் இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடுவதற்கில்லை.

அவர்கள் ஆசையாக எடுத்துக் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 2020-ஆம் வருஷம் மார்ச் 16-ந் தேதி லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிரிட்டனில் 5 லட்சத்துப் பத்தாயிரம் பேரும், அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறக்கக் கூடும் என்று அதில் இருந்தது. "அத்தனை பேர் இறந்தார்களா? இல்லையே!" என்கிறார்கள் நம் நண்பர்கள், வழக்கில் ஜெயித்த வக்கீலைப் போல.

அந்த அறிக்கையில் அந்த எண்களுக்கு முன்னால் என்ன எழுதியிருந்தது? 'யாரும் எந்தத் தடுப்பும் செய்யாமல் இருந்தால்' என்று எழுதியிருந்தது. ஒரு வாரத்துக்குள், மார்ச் 23-ந் தேதி, பிரிட்டிஷ் சர்க்கார் ஜனங்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டது. அப்படிச் செய்தும், தடுப்பூசி கண்டுபிடித்தும்கூட, அடுத்த சில வருஷங்களில் பிரிட்டனில் 2 லட்சத்துக்கு மேலும், அமெரிக்காவில் 11 லட்சத்துக்கு மேலும் மாண்டு போனார்கள். கதவை அடைத்த பிறகே இத்தனை என்றால், திறந்து போட்டிருந்தால் எத்தனை என்பதை நண்பர்களே சொல்லட்டும். "அடுப்பை அணைக்காவிட்டால் பால் பொங்கி வழிந்துவிடும்" என்று மாமியார் சொல்கிறாள். மருமகள் ஓடிப் போய் அடுப்பை அணைக்கிறாள். பால் வழியவில்லை. உடனே, "பார்த்தீர்களா, மாமியார் புளுகிவிட்டாள்!" என்று கை கொட்டுகிறவனைப் பற்றி என்ன சொல்வது? இப்படிப்பட்டவர்கள்தாம் இன்று விஞ்ஞானத்துக்குத் தீர்ப்பு எழுதிக் கொண்டிருக்கிறார்கள்.

தொத்து வியாதிக் கணக்கு ஜோசியத்தின் தம்பி அல்ல. அதன் பிறப்பைத் தெரிந்து கொண்டால் இந்தக் குழப்பம் வராது. அதைத் தொட்டில் போட்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர் ரொனால்டு ராஸ். அல்மோராவில் 1857-ல் பிறந்து, 1881-ல் இந்திய மருத்துவ சர்வீஸில் சேர்ந்து, நம் சென்னை ராஜதானியில் வேலை பார்த்தவர். டாக்டர் வேலையில் அவருக்கு ஆரம்பத்தில் அவ்வளவு பிடிப்பு இல்லை. கவிதை எழுதினார், சொந்தமாகக் கணிதம் படித்தார், நாவலும் எழுதினார். 1889-ல் அவருடைய நாவல் ஒன்று வெளிவந்தது. எங்கள் தொழில்காரர் என்பதால் அவர்மீது எனக்கு ஒரு பட்சபாதம் இருப்பதை மறைக்கப் போவதில்லை.

1897-ல் உதகைக்குக் கீழே சீகூர்ப் பக்கம் மலேரியாவைத் தேடிப் போனார். மலேரியா அவரைத் தேடிப் பிடித்தது. காய்ச்சலில் விழுந்து எழுந்தார். அதே வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி, செகந்திராபாத்தில், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமியைப் பார்த்தார். 1902-ல் நோபல் பரிசு வந்தது. பாடப் புத்தகத்தில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. உண்மையில் சண்டை இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

கொசுதான் காரணம் என்றால் கொசுவைக் குறைப்போம் என்றார் ராஸ். லாகூருக்குப் பக்கத்தில் மியான் மீர் என்ற ராணுவக் குடியிருப்பில் 1902-ல் அதைப் பரீட்சை பார்த்தார்கள். சில வருஷங்கள் செய்துவிட்டு, "பிரயோஜனமில்லை, கொசு போன பாடில்லை, காய்ச்சலும் போன பாடில்லை" என்று கையை உதறினார்கள். ராஸுக்குக் கோபம் வந்தது. எத்தனை கொசு இருந்தது, எத்தனை குறைந்தது என்று சரியாக எண்ணிப் பார்த்தீர்களா, இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு சொற்பமாகச் செய்துவிட்டு முடிவு கட்டலாமா என்று கேட்டார். எதிர்க் கட்சிக்காரர்களின் வாதமோ கேட்க மிகவும் நியாயமாக இருந்தது: கடைசிக் கொசு வரை ஒழிக்க யாராலும் முடியாது, ஒழிக்க முடியாத கொசு மறுபடி பெருகும், ஆகவே இது வீண் வேலை.

இதற்குப் பதில் சொல்லத்தான் ராஸ் கணக்கை எடுத்தார். மோரீஷஸ் தீவைப் பற்றி 1908-ல் எழுதிய அறிக்கையிலும், பிறகு மலேரியாத் தடுப்பைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்திலும் அதை விரித்தார். யோசனை எளிமையானது. ஒரு கொசு முதலில் நோயாளியைக் கடிக்க வேண்டும். பிறகு கிருமி அதன் உடம்பில் பக்குவப்படும் வரை, பத்து நாளோ அதற்கு மேலோ, அது உயிரோடு இருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு மனிதனைக் கடிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பெரும்பாலான கொசுக்கள் தவறிப் போகின்றன. இத்தனை தவறுதலுக்கும் ஈடு கொடுத்து, ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒரு புது நோயாளியாவது உண்டாக வேண்டுமானால், கொசுக்கள் ஓர் அளவுக்கு மேல் இருந்தாக வேண்டும். அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால் கொசு இருக்கும், காதருகே பாடும், கடிக்கவும் கடிக்கும். மலேரியா மட்டும் தானாகத் தேய்ந்து போய்விடும். கடைசிக் கொசுவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வட்டிக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நூறு நோயாளிகள், ஆளுக்குச் சராசரி 1.1 பேருக்கு நோயைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்துத் தலைமுறை தாண்டினால் நூறு என்பது 259. இருபது தாண்டினால் 670-க்கு மேல். அதே நூறு பேர் 0.9 வீதம் கொடுத்தால், பத்தில் 35, இருபதில் 12. ஒன்றே காலுக்கும் அரைக்காலுக்கும் உள்ள வித்தியாசம்கூட இங்கே இல்லை. ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. அதற்குள் ஓர் ஊரின் தலையெழுத்து மாறிவிடுகிறது. இதை எந்தக் கைரேகையைப் பார்த்தும் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது. ஏனென்றால் இரண்டு ஊரிலும் முதல் வாரம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ராஸுக்குப் பிறகு அவருடைய சீடர் என்றே சொல்லத் தக்க மக்கென்ட்ரிக். 1901-ல் ராஸோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனவர். இந்திய மருத்துவ சர்வீஸில் இருந்தவர். கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்தவர். பின்னால் எடின்பரோவில் ஓர் ஆராய்ச்சிசாலைக்குத் தலைவரானார். அங்கே கெர்மாக் என்ற இளம் ரசாயன சாஸ்திரி வேலை பார்த்தார். 1924-ல் பரிசோதனையின்போது ஏற்பட்ட விபத்தில் கெர்மாக்கின் இரண்டு கண்களும் போய்விட்டன. அப்போது அவருக்கு வயது 26. அதன் பிறகு அவர் கணிதத்தை மனசுக்குள்ளேயே போட்டார். இந்த இருவரும் சேர்ந்து 1927-ல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைக்கும் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். 'நோய் வரக் கூடியவர், நோயாளி, நோயிலிருந்து நீங்கினவர்' என்று ஊரை மூன்று கூடைகளாகப் பிரித்து, ஒரு கூடையிலிருந்து இன்னொன்றுக்கு ஜனங்கள் எந்த வேகத்தில் போகிறார்கள் என்று பார்க்கிற கணக்கு. ஊரில் எல்லாருக்கும் வந்து தீர்ந்த பிறகுதான் கொள்ளை நோய் ஓயும் என்பதில்லை, வரக் கூடியவர்களின் அடர்த்தி ஓர் அளவுக்குக் கீழே போனாலே ஓய்ந்துவிடும் என்று காட்டினார்கள். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி நூற்றுக்கு 95 பேருக்குப் போட்டால் மீதி ஐந்து பேரையும் அது காக்கும் என்று டாக்டர்கள் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். அந்த ஐந்தில் ஊசி போடும் வயசு வராத கைக்குழந்தையும் உண்டு. "நம் பிள்ளைக்கு எதற்கு ஊசி, மற்றவர்கள்தான் போட்டுக் கொள்கிறார்களே" என்று நினைக்கிற அதிபுத்திசாலி அப்பா அந்தக் கைக்குழந்தையின் பங்கைத்தான் எடுத்துக் கொள்கிறார்.

அந்த 1927 கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. பம்பாயில் 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை பிளேக்கில் வாராவாரம் இறந்தவர்களின் எண்ணிக்கையை எடுத்து, தங்கள் கணக்கின் கோட்டை அதன்மேல் போட்டுப் பார்த்தார்கள். அச்சு அசலாகப் பொருந்தியது. வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்திலேயே மாலை போட்டுக் கொண்டிருப்பார்கள். இவர்களோ, பிளேக் எலியின் நோய் என்பதையும், மனிதனுக்கு வருவது அதன் நிழல் மாதிரி என்று வைத்துக் கொண்டுதான் கணக்கைப் போட்டோம் என்பதையும், எலிகளைப் பற்றி இன்னும் இன்னதெல்லாம் சமமாக இருப்பதாக வைத்துக் கொண்டோம், அவற்றில் எதுவுமே முழுக்க நிஜமல்ல, ஆகையால் இது குத்துமதிப்புதான் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். பொருந்திய கோட்டின் பக்கத்திலேயே தங்கள் குறையை எழுதுகிற நாணயம்! ஜோசியத்துக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பலித்ததா பலிக்கவில்லையா என்பது இரண்டாம் பட்சம். ஜோசியர் 'நடக்கும்' என்கிறார். கணக்கர் 'இப்படி இருந்தால் இப்படி நடக்கும்' என்கிறார். 'இருந்தால்' என்ற சொல்லின் வாலில் தொங்கும் அந்த 'ஆல்' இருக்கிறதே, அதுதான் கணக்கின் உயிர். அதை நறுக்கி எறிந்தால் மிஞ்சுவது பஞ்சாங்கம்.

அதை நறுக்கி எறிந்தவர்கள் யார்? நம் ஓய்வு பெற்ற நண்பர் கோபித்துக் கொள்ள வேண்டியது அவர்களைத்தான்.

2020 ஏப்ரல் 24-ந் தேதி டில்லியில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வரைபடம் காட்டப்பட்டது. காட்டியவர் சர்க்காரின் கொள்கைக் குழுவில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அந்தக் கோடு மேலே ஏறி, வளைந்து, இறங்கி, மே 16-ந் தேதி பூஜ்யத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்து கொண்டது. தேசம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது. மே 16 வந்தது. அன்றைக்கு அறிவித்த புது நோயாளிகள் ஏறக்குறைய 4,000 பேர். அப்புறம், பூஜ்யம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, தப்பாகப் புரிந்து கொண்டீர்கள் என்று விளக்கம் வந்தது. ஒரு படத்தில் கோடு பூஜ்யத்தைத் தொட்டால் அதை வேறு எப்படிப் புரிந்து கொள்வது? சங்கீதத்தில் சொல்லாமல் சொல்வது உண்டு; வரைபடத்தில் அது நல்லதல்ல.

அதே வருஷம் அக்டோபரில் இன்னொன்று. சர்க்கார் நியமித்த விஞ்ஞானிகள் குழு ஒன்று, உச்ச கட்டம் செப்டம்பரில் தாண்டிவிட்டது, எச்சரிக்கைகளைக் கைவிடாமல் இருந்தால் பிப்ரவரி முடிவுக்குள் நோய் மிகவும் அடங்கிவிடும் என்றது. இவர்களை ஒன்று சொல்ல வேண்டும். 'கைவிடாமல் இருந்தால்' என்றார்கள். காகிதத்தில் 'ஆல்' இருந்தது. ஆனால் கிருமி இன்று போலவே நாளையும் இருந்தால் என்கிற இன்னொரு பெரிய 'ஆல்', யார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லப்படவில்லை. மறுநாள் தலைப்புச் செய்தியில் சொன்ன 'ஆல்'கூடக் காணாமல் போயிற்று. பிப்ரவரியில் முடியும் என்று மட்டும் ஜனங்கள் படித்தார்கள்; ஆட்சியாளர்களும் அப்படியே படித்தார்கள். 2021 மார்ச் 7-ந் தேதி மத்திய சுகாதார மந்திரியே, ஆட்டம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று பேசினார். தேர்தல் கூட்டங்கள் நடந்தன, இங்கேயும்தான். ஹரித்வாரில் கும்பமேளா நடந்தது. மே 6-ந் தேதி ஒரே நாளில் 4 லட்சத்து 14 ஆயிரம் பேருக்கு நோய் என்று கணக்கு வந்தது. அந்த மாதம் சென்னையில் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே படுக்கை காலியாகும் வரை, வண்டிக்குள்ளேயே மூச்சு வாங்கிக் கொண்டு கிடந்தார்கள். படுக்கை எப்போது காலியாகும் என்பதற்கு இரண்டே வழிதான் உண்டு என்று அந்த வண்டிகளுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்குப் பிறகும் "கணக்குத் தோற்றுவிட்டது" என்று சொல்வது, வைத்தியர் பத்தியத்தோடு கொடுத்த மருந்தைப் பத்தியமில்லாமல் சாப்பிட்டுவிட்டு வைத்தியர்மேல் வழக்குப் போடுகிற கதைதான். நமக்குப் பத்தியம் பிடிக்காது. தேதி சொல்ல வேண்டும் நமக்கு. தேதி சொல்லாத நிபுணரை டெலிவிஷனில் இரண்டாவது தடவை கூப்பிடுவதில்லை. 'இப்படி இருந்தால், அப்படி இருந்தால்' என்று இழுத்தவரை வெண்டைக்காய் என்று ஒதுக்கிவிட்டு, அடித்துச் சொன்னவருக்கு நாற்காலி போட்டோம். கணக்கர்களில் சிலரும் நாற்காலிக்கு ஆசைப்பட்டு அடித்துச் சொல்லக் கற்றுக் கொண்டார்கள். வாடிக்கைக்காரர் கேட்கிற சரக்குதானே கடைக்கு வரும்?

இவ்வளவு பரிந்து பேசுவதால் கணக்கர்கள்மீது எனக்குக் குறையே இல்லை என்று எண்ண வேண்டாம். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு பெரிய ஆட்சேபம் உண்டு. அவர்களுடைய கூடையில் இருக்கிற மனிதர்கள் எல்லாரும் அரிசி மாதிரி ஒரே அளவாக இருக்கிறார்கள். யாரும் யாரையும் சந்திக்கலாம். எல்லாரும் சமமாகச் சந்திக்கிறார்கள். எந்த ஊரில் ஐயா இது நடக்கிறது? 2020 மார்ச் 24 இரவு, நாலே மணி நேர அவகாசத்தில், எல்லாரும் வீட்டுக்குள் இருங்கள் என்றார்கள். வரைபடத்தில் எல்லாருக்கும் வீடு இருந்தது. சாலையில்தான் லட்சக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் நூற்றுக்கணக்கான மைல் நடந்து கொண்டிருந்தார்கள். அதே வசந்தத்தில் சென்னை முழுவதும் கதவை அடைத்துக் கொண்டிருந்தபோது கோயம்பேடு மார்க்கெட்டில் தோளோடு தோள் இடித்துக் கொண்டு மூட்டை இறக்கிக் கொண்டிருந்தார்கள். நாம் சாம்பாருக்கு முருங்கைக்காய் இல்லாமல் இருக்க முடியாது அல்லவா? மே 5-ந் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். அதற்குள் அங்கே கூலி வேலை செய்தவர்கள் ஊர் திரும்பி, கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று நோயும் கூடவே போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த ஆட்சேபத்துக்கு ஆதாரமும் நம்மிடமிருந்தே கிடைத்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக அலைந்து, யாரோடு யார் பழகினார்கள் என்று எழுதி வைத்தார்கள். 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகியவர்கள் 5,75,071 பேர். 2020 செப்டம்பர் முடிவில் அது அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. தொடர்பு விசாரித்த நோயாளிகளில் நூற்றுக்கு 71 பேரிடமிருந்து, பழகினவர் ஒருவருக்குக்கூட நோய் போனதாகத் தெரியவில்லை. மிகச் சிலர்தான் பலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். சராசரி மனிதன் என்று ஒருவன் இல்லை என்று நாவலாசிரியர்கள் காலம் காலமாகச் சொல்லி வருவதை, கொளுத்தும் வெயிலில் அலைந்த அந்த ஊழியர்கள் எண்ணிக் காட்டிவிட்டார்கள். கணக்கை மறுத்தது கதை அல்ல, இன்னொரு நல்ல கணக்கு என்பதையும் நான் ஒப்புக் கொண்டாக வேண்டும்.

கண்ணும் காதும் இருந்தால் போதும், கணக்கு எதற்கு என்று இன்னமும் சொல்கிறவர்களுக்கு, மக்கென்ட்ரிக் 1926-ல் எழுதிய வேறொரு கட்டுரையிலிருந்து ஒரு சமாசாரம் சொல்கிறேன். நம் தேசத்துக் கிராமம் ஒன்றில் காலரா. மொத்தம் 223 வீடுகள். 168 வீடுகளில் யாருக்கும் ஒன்றுமில்லை. 32 வீடுகளில் ஒருவருக்கும், 16-ல் இருவருக்கும், 6-ல் மூவருக்கும், ஒரே ஒரு வீட்டில் நாலு பேருக்கும் நோய். இவ்வளவுதான் அவர் கையிலிருந்த தகவல். இந்த 86 நோயாளிகளும் 223 வீடுகளிலும் தற்செயலாகச் சிதறியிருந்தால், ஒருவர் படுத்த வீடு 58 இருந்திருக்க வேண்டும்; இருப்பதோ 32. மூவர் படுத்த வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கலாம், இருப்பதோ 6. ஆகவே ஆபத்து எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருக்கவில்லை. 93 வீடுகளுக்குத்தான் ஆபத்து என்று வைத்துப் பார்த்தால் எண்கள் வரிசையாக வந்து பொருந்துகின்றன: 34, 16, 5, 1. இந்தக் கிராமத்தில் பல கிணறுகள் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று கெட்டுப் போயிருக்க வேண்டும், 93 வீட்டார் அதில் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும் என்று மக்கென்ட்ரிக் எழுதினார். ஊரில் விசாரித்தார்கள். அப்படியே இருந்தது.

நோய் கண்டது 55 வீடுகளில். மீதி 38 வீடுகளில் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக் கொண்டிருந்தார்கள்; ஒருவருக்கும் வயிற்று வலிகூட இல்லை. ஊருக்குள் போயிருந்தால் நான் சாவு விழுந்த வீடுகளுக்குத்தான் போயிருப்பேன். அந்த 38 வீடுகளைத் தாண்டித்தான் போயிருப்பேன்.